வாய் திறக்காத தச்சர்

தொழிலாளரான புனித யோசேப்பு நினைவு, மே 1
நற்செய்தி: மத்தேயு 13:54-58



இன்று காலை கோவிலுக்கு வரும் வழியெல்லாம் கொடிகளைப் பார்த்திருப்பீர்கள். சங்கத்து வாசல்களில் கொடியேற்றி, முழக்கம் போட்டு, மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1886இல் எட்டு மணி நேர வேலை கேட்டு சிகாகோ வீதிகளில் இறங்கியவர்களை நினைக்கும் நாள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நம் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். குரல் எழுப்பியவர்களால் கிடைத்த நாள் இது. அவர்கள் வாய் மூடி இருந்திருந்தால், இன்று திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் கதவு சாத்தியிருக்காது, நீங்களும் இந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

இப்படிக் குரலுக்கென்றே அமைந்த ஒரு நாளில் திருச்சபை யாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது, பாருங்கள். 1955 மே முதல் நாள், உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் கூடியிருந்த இத்தாலியத் தொழிலாளர்கள் முன்னிலையில், திருத்தந்தை 12ஆம் பயஸ் இந்த நாளைத் தொழிலாளரான யோசேப்புக்குக் கொடுத்தார். நான்கு நற்செய்திகளையும் எடுத்துத் தேடிப் பாருங்கள். சூசையப்பர் என்று நாம் அழைக்கும் இந்த யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. மரியா பேசுகிறார். சிமியோன் பேசுகிறார். ஏரோது பேசுகிறான். பேய்கள்கூடப் பேசுகின்றன. பன்னிரண்டு வயதில் பிள்ளை காணாமல் போய் மூன்றாம் நாள் கோவிலில் கிடைத்தபோதும், கேள்வி கேட்பது தாய்தான். தகப்பன் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

உங்களில் பலர் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். சிலர் மேனேஜர். சிலர் சொந்தமாகப் பத்து மிஷின் போட்டு நடத்துகிறீர்கள். பள்ளியில் தலைமையாசிரியர் இருக்கிறார், ஆஸ்பத்திரி வார்டைப் பார்க்கும் சிஸ்டரும் இருக்கிறார். உங்களிடம் வேலை செய்பவர்களில் ஒரு சூசையப்பராவது நிச்சயம் இருப்பார். வருவார், வேலையைச் செய்வார், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போவார். மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டார். வீடு மந்திரிக்க வரும்போது நீங்களே என்னிடம் சொல்கிறீர்கள்: "ஆள் நல்ல ஆளுதான் சாமி. ஆனா கல்லு மாதிரி இருக்கான். இவனை எப்படி உற்சாகப்படுத்தறதுன்னே தெரியல."

அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நான் என் தப்பைச் சொல்லிவிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் தென்பக்கத்தில் ஒரு பங்கில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பாதுகாவலர் திருவிழாவுக்கு முன் பங்குப் பேரவைக் கூட்டம். பதினாலு பேர். பந்தல் எவ்வளவு நீளம், மேளம் எந்த ஊர், சீரியல் செட் யாருக்கு என்று ஒரே சத்தம். எங்கள் கோயில்பிள்ளை கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மணி அடித்து, மெழுகுதிரி ஏற்றி, இருபது வருஷமாக அந்தக் கோவிலைத் தன் வீடாகப் பார்த்துக்கொண்டவர். ஒரு தடவை, "சாமி, கொடிக்கயிறு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் பந்தல்காரர் ஏதோ கேட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் மறுபடி சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் ஊரே கூடி நிற்கிறது. மந்திரித்துக் கொடியை ஏற்றுகிறோம். பாதி மரம் போனதும் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேளம் நின்றுபோனது. பாட்டிமார் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். ஒரு பையன் மரத்தில் ஏறி எடுத்துவிடும் வரை எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரவு கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்தபடி, "சொல்ல வந்தேன் சாமி. நீங்க பந்தல்காரர்ட்ட பேசிட்டு இருந்தீங்க" என்றார்.

அந்த ஒரு வரியை நான் இன்னும் மறக்கவில்லை. அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. உற்சாகத்துக்கும் குறைச்சல் இல்லை. குறை என் காதில் இருந்தது. உற்சாகப்படுத்த வேண்டும் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர் முன்பே உற்சாகமாகத்தான் வந்திருப்பார். நாம்தான் நாலு தடவை பாதியில் வெட்டி, அவரை மௌனத்துக்குப் பழக்கியிருப்போம்.

அன்பானவர்களே, இன்றைய நற்செய்தியில் நாசரேத்து ஊர் செய்ததும் இதே தப்புதான். இயேசு சொந்த ஊர்த் தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். கேட்டவர்கள் வியக்கிறார்கள். வியந்த அடுத்த நொடியே சந்தேகப்படுகிறார்கள். தச்சனுடைய மகனுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். முப்பது வருஷம் அவர்கள் நடுவில், கலப்பைக்கும் கதவுக்கும் மரம் இழைத்துக்கொண்டு இருந்தவர் இயேசு. 'இவன் இவ்வளவுதான்' என்று அவர்கள் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சீட்டைக் கிழிக்க மனசு வரவில்லை. அவர்களுடைய நம்பிக்கையின்மையால் அவர் அங்கே வல்ல செயல்கள் பலவற்றைச் செய்யவில்லை என்று மத்தேயு முடிக்கிறார்.

நம் வேலை இடங்களில் இது தினமும் நடக்கிறது. ஆறு மாதம் பேசாத பையன் ஒருநாள் மீட்டிங்கில் ஏதோ சொல்லிவிடுகிறான். உடனே ஒருவர், "அட, இவனுக்குப் பேசக்கூடத் தெரியுமா!" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு சொன்னது இல்லை, கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் அடுத்த ஆறு மாதத்துக்கு அவன் வாய் பூட்டப்பட்டுவிடும். நாசரேத்தில் நின்றுபோன வல்ல செயல்களைப் போல, உங்கள் கம்பெனியிலும் சில நல்ல காரியங்கள் அந்தச் சிரிப்போடு நின்றுபோயிருக்கலாம்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்கிறோம். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்கிறோம். உலக நடப்பு அதுதான். ஆனால் ஆளைத் தேர்ந்து வேலை கொடுப்பதைப் பற்றித் தனி அதிகாரமே எழுதிய வள்ளுவர், அன்பு, அறிவு, தெளிவு, பேராசை இல்லாமை ஆகிய நான்கும் உடையவனை நம்பச் சொல்கிறார். அந்த நான்கில் பேச்சு இல்லை. பெற்ற தாயைப் பாருங்கள். பிள்ளை அழுதால்தான் பால் என்று அவள் காத்திருப்பதில்லை. பிள்ளையின் முகம் வாடுவதை வைத்தே பசியை அறிகிறாள். கடவுள் யோசேப்பிடம் அப்படித்தான் நடந்துகொண்டார். பேசாத ஒருவரிடம் ஒரு தலைவன் எப்படிப் பழக வேண்டும் என்பதை மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களில் பார்க்கலாம்.

முதலாவது, கடவுள் யோசேப்பிடம் தனியே வந்தார். மரியா கருவுற்றிருப்பது தெரிந்தபோது யோசேப்பு ஊரைக் கூட்டவில்லை. யாருக்கும் தெரியாமல் விலகிவிட வேண்டும் என்று மனதுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தார். அவர் அப்படிச் சிந்தித்துக்கொண்டிருந்த வேளையில்தான் வானதூதர் கனவில் வந்தார். வாய் திறந்து சொல்லாத கவலைக்கே பதில் வந்தது. அதுவும் கூட்டத்தின் நடுவில் எழுப்பி நிறுத்தி இல்லை. இரவில், தனிமையில். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் வானதூதர். அந்த ஏழைத் தச்சனை 'தாவீதின் மகனே' என்று அரச குலப் பெருமையோடு அழைத்தார். பிறகுதான் அஞ்ச வேண்டாம் என்றார்.

நாம் என்ன செய்கிறோம்? எல்லார் முன்னாலும், "நீ ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிற? சொல்லு!" என்கிறோம். ஒடுங்கிய சுபாவம் உள்ளவருக்கு அது சாட்டையடி. பாராட்டும்போதும் அதே கதை. மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, கையில் மைக்கையும் கொடுத்து 'ரெண்டு வார்த்தை' பேசச் சொல்கிறோம். அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. அவர் இருக்கும் இடத்துக்கு நீங்களே போங்கள். "போன வாரம் அந்த ஆர்டர்ல நீங்க சைஸ் பிரிச்சு வெச்ச விதம்தான் நம்மைக் காப்பாத்துச்சு" என்று செய்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பொத்தாம் பொதுவாக 'சூப்பர்' என்பதை அவர் நம்ப மாட்டார். தன் வேலையை நீங்கள் உண்மையில் பார்த்தீர்கள் என்று தெரிந்தால் போதும், அதை வருஷக்கணக்கில் மனசில் வைத்திருப்பார்.

கொடிக்கயிறு விஷயத்துக்குப் பிறகு நான் ஒன்று கற்றுக்கொண்டேன். கோயில்பிள்ளை ராத்திரி கோவில் கதவுகளைச் சாத்தும்போது நானும் கூடவே நடந்தேன். அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தால் அவருக்குப் பேச்சு வராது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டே, விளக்கை அணைத்துக்கொண்டே, பக்கத்தில் நடக்கும்போது ஒவ்வொன்றாக வரும். கூரையில் எங்கே ஒழுகுகிறது, எந்த வீட்டில் கஞ்சி இல்லை, எந்தப் பையன் மூன்று வாரமாகக் கோவிலுக்கு வரவில்லை. அந்தப் பங்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னது.

இரண்டாவது, கடவுள் யோசேப்பிடம் முழுதாய்ச் சொன்னார். எழுந்திரு, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொள், எகிப்துக்குப் போ, நான் சொல்லும் வரை அங்கேயே இரு, ஏனென்றால் ஏரோது பிள்ளையைக் கொல்லத் தேடப்போகிறான். என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும், எதுவரை, எதற்காக, நான்கும் அதில் இருக்கின்றன. அதிகம் பேசாதவர்கள் திரும்ப வந்து கேள்வி கேட்கத் தயங்குவார்கள். அரைகுறையாகச் சொல்லிவிட்டு, "சந்தேகம்னா கேக்க வேண்டியதுதானே" என்று பிறகு கோபித்துக்கொள்வது நியாயம் இல்லை. முன்கூட்டியே, முழுதாக, முடிந்தால் எழுதிக் கொடுங்கள். நாளைக்கு எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். யோசித்துப் பேசுகிறவருக்கு ஒரு இரவு தேவைப்படும். யோசேப்புக்கும் கடவுள் இரவைத்தான் கொடுத்தார்.

நம் பங்கிலேயே ஒரு சூப்பர்வைசர் எனக்குச் சொன்னது இது. தினமும் காலையில், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பாராம். நாலு பேர் சொல்வதையே தினமும் சொல்வார்களாம். பிறகு செக்கிங் டேபிளில் ஒரு நாற்பது பக்க நோட்டையும் பேனாவையும் கட்டித் தொங்கவிட்டார். மூன்றாம் நாள் அதில் ரெண்டு வரி இருந்தது. ஒரு குறிப்பிட்ட மிஷினில் எண்ணெய் விட்ட முதல் அரை மணி நேரத்தில் வரும் பீஸ்களில்தான் கறை விழுகிறது, முதலில் கொஞ்சம் வேஸ்ட் துணியை ஓட்டிவிட்டால் சரியாகும் என்று. எழுதியவர் வந்து எட்டு மாதமாகியும் யாரோடும் பேசாத ஒரு பெண். எட்டு மாதமாக அவருக்கு அது தெரியும். யாரும் அவருக்கு ஏற்ற விதத்தில் கேட்கவில்லை.

மூன்றாவது, கடவுள் யோசேப்பை நம்பிக் கொடுத்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயரிடும் பொறுப்பை அவரிடம் விட்டார். பெயரிடுவது, பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும் தகப்பனின் செயல். அது மட்டும் இல்லை. எகிப்திலிருந்து திரும்பும்போது நடந்ததைக் கவனியுங்கள். இஸ்ரயேல் நாட்டுக்குப் போகச் சொல்லியாயிற்று. ஆனால் யூதேயாவை இப்போது ஆள்வது ஏரோதின் மகன் அர்க்கெலா என்று கேள்விப்பட்டதும், அங்கே போக யோசேப்பு அஞ்சினார். 'சொன்னதைச் செய்' என்று கடவுள் அதட்டவில்லை. மறுபடி கனவில் அவருக்கு எச்சரிக்கை வந்தது, அவர் கலிலேயாவுக்குத் திரும்பி நாசரேத்தில் குடியேறினார். தரையில் நிற்கிறவனின் கவலையை விண்ணகத் தலைவரே மதித்தார். ஆண்டவர் 'நாசரேத்தூர் இயேசு' என்று அழைக்கப்படுவதில், அந்தப் பேசாத மனிதரின் தயக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

தயக்கத்தோடு வரும் வார்த்தையை எடுத்துக்கொள்ள இயேசுவுக்கும் தெரிந்திருந்தது. ஐயாயிரம் பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிலிப்பு டக்கென்று கணக்குச் சொல்லிவிட்டார். இருநூறு தெனாரியத்துக்கு அப்பம் வாங்கினாலும் போதாது. அந்திரேயா மெதுவாக, ஒரு பையனிடம் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் இருப்பதைச் சொல்கிறார். சொன்ன கையோடு, இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்று தானே பின்வாங்கிக்கொள்கிறார். இப்படித் தன் யோசனையைத் தானே பாதியில் விழுங்கிவிடுகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆண்டவர் பிலிப்பின் கணக்கை எடுக்கவில்லை, அந்திரேயா விழுங்கப்பார்த்த யோசனையை எடுத்துக்கொண்டார். மிச்சம் பன்னிரண்டு கூடை.

பிரியமானவர்களே, இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எல்லா மௌனமும் சூசையப்பரின் மௌனம் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம் கம்பெனிகளில் பேசாமல் இருப்பது பாஷை தெரியாததால் இருக்கலாம். நேற்றுவரை சிரித்துப் பேசிய பெண் திடீரென்று பேச்சைக் குறைத்தால், வீட்டில் ஏதோ இடிந்திருக்கலாம். அல்லது வேலை இடத்திலேயே யாரோ தொல்லை கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும், பெண்கள் துணிந்து சொல்வதற்கு உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. 'எங்க பிள்ளைங்க ரொம்ப அமைதி, ஒரு புகாரும் கிடையாது' என்று பெருமைப்படும் முதலாளி, அந்த அமைதி நிம்மதியால் வந்ததா, பயத்தால் வந்ததா என்று தன் மனச்சாட்சியிடம் கேட்கட்டும். பயந்து வாய் மூடியவருக்கு உற்சாகம் ஊட்டிப் பயன் இல்லை. முதலில் பயத்தின் காரணத்தை அகற்றுங்கள்.

பேசாமல் வேலை செய்யும் என் சகோதரனே, சகோதரியே, உனக்கும் ஒரு வார்த்தை. உன் சுபாவம் ஒரு குறை இல்லை. அதை மாற்றிக்கொண்டால்தான் ஆள் என்று யார் சொன்னாலும் நம்பாதே. ஆனால் சூசையப்பர் பேசாதவரே தவிர, செயல்படாதவர் இல்லை. ஆபத்து என்று தெரிந்த இரவே எழுந்து கிளம்பினார். உனக்குத் தெரிந்த ஒன்றால் இன்னொருவருக்கு நன்மை வரும் என்றால், அதை உன் வழியில் சொல்லிவிடு. எழுதிக் கொடு. நம்பும் ஒருவரிடம் சொல். சைகையாலாவது காட்டு. எங்கள் கோயில்பிள்ளை, "சாமி, கயிறு" என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். தப்பில் பெரும்பங்கு என்னுடையது என்றாலும், அதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் தம் மேசையில் தூங்கும் சூசையப்பர் சுரூபம் ஒன்றை வைத்திருந்தார். 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது அவரே இதைச் சொன்னார். ஏதாவது சிக்கல் வந்தால், ஒரு தாளில் எழுதி அந்தச் சுரூபத்தின் அடியில் வைத்துவிடுவாராம். பேசாத ஒரு மனிதரை நம்பி, உலகத் திருச்சபையின் தலைவரே சீட்டு எழுதி வைத்தார். 1870 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை 9ஆம் பயஸ் அகிலத் திருச்சபைக்கும் பாதுகாவலராக அறிவித்ததும் இந்தப் பேசாத மனிதரைத்தான்.

ஆகவே நாளைக் காலை கம்பெனி திறந்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் லைனில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் வார்டில் அதிகம் பேசாத அந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கூப்பிட்டு அனுப்ப வேண்டாம், அவர் மேசைக்கு நீங்களே போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் செய்ததில் நீங்கள் பார்த்த ஒரு நல்ல வேலையைச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும் வரை பொறுமையாக நில்லுங்கள். அந்த நேரத்தில் எந்தப் பந்தல்காரர் வந்து கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள்.

தம் மகனையே ஒரு பேசாத தச்சனின் கையில் கொடுத்த தந்தையாம் கடவுள், உங்கள் கைகளின் வேலையையும் உங்களிடம் வேலை செய்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.